பழைய ஸ்பீக்கர் பெட்டிக்கு உப்புத்தாள் கடைசி மருந்து

மரமும் மெருகும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றியவை. அதனால் கட்டில், நாற்காலி, கதவு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் பெரியப்பா 1970களில் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பியபோது ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார். வால்நட் மரம். இப்போது அது என்னிடம் வந்திருக்கிறது. மரம் வறண்டு வெளுத்துப்போய் இருக்கிறது. ஒன்றின் மேல்பக்கம் பூந்தொட்டி வைத்ததால் வந்த கறுப்பு வளையம். இன்னொன்றில் காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள். ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "மெஷின் போட்டுத் தேய்ச்சு பி.யூ. பாலிஷ் அடிச்சா புதுசு மாதிரி பளபளன்னு ஆயிடும் சார்" என்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். தயவுசெய்து அந்த மெஷினை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

ஆசாரி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் தினமும் பார்ப்பது கெட்டித் தேக்குக் கதவும் ஜன்னலும். அதில் இரண்டு மி.மீ. போனாலும் கீழே தேக்குதான் இருக்கும். உங்கள் பெட்டி அப்படியல்ல. வெளியே தெரிகிற வால்நட் ஒரு வினீர், அதாவது பலகை மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. அந்தக் காலத்து வினீர் ஒரு மி.மீ.கூட இருக்காது. இரண்டு கல்யாணப் பத்திரிகை அட்டையை அடுக்கினால் வரும் கனம், அவ்வளவுதான். மெஷின் ஒரே இடத்தில் சில நொடி கூடுதலாக நின்றால் போதும், ஓரத்தில் தகடு தீர்ந்து அடிப்பலகை தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த பாலிஷும் அதை மறைக்காது. விளிம்புகளில்தான் இது முதலில் நடக்கும், ஏனென்றால் கையும் மெஷினும் அங்கேதான் தன்னையறியாமல் சாயும்.

பி.யூ., அதாவது பாலியூரிதேன், வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் உண்டு. ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) கம்பெனி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் 1954-இல் தொடங்கியது. 3ஏ மாடல் வந்தது 1967-இல். அந்த வால்நட் பெட்டிகளுக்கு எண்ணெய் ஊட்டிய மெருகுதான் அழகு. ஒளி பட்டால் கண்ணைக் குத்தாமல், மரத்தின் ரேகை உள்ளிருந்து தெரிய வேண்டும். பி.யூ. அதன்மேல் ஒரு கனத்த பிளாஸ்டிக் தோலைப் போர்த்திவிடும். நாளை கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். எண்ணெய் மெருகில் கீறல் விழுந்த இடத்தில் துணியால் ஒரு தடவை தேய்த்தால் போதும். பழைய பொருளுக்குத் திரும்பத் திரும்பச் சரிசெய்யக்கூடிய மெருகுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சரி, என்ன செய்வது? முதலில் முன்பக்கத்தைக் காப்பாற்றுங்கள். கெட்டி அட்டையை முகப்பின் அளவுக்கு வெட்டி வைத்து, ஓரத்தை மாஸ்கிங் டேப் போட்டு மூடுங்கள். இந்த மாடலில் நடு ஸ்பீக்கரும், மேல்சுருதிக்கான ட்வீட்டரும் குவிமாட வடிவம். விரல் பட்டால் குழிந்துவிடும். அவற்றுக்குப் போகும் கம்பி மயிரிழை போன்றது, அறுந்தால் மீட்பது பெரும்பாடு. அதனால் வெறும் துடைப்பு, எண்ணெய் வேலைக்காக அவற்றைக் கழற்றவே வேண்டாம். பின்பக்கத்து வரிசை எண் சீட்டையும் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடிவிடுங்கள். ஒரு பெட்டி இருபத்துநான்கு கிலோ பக்கம் வரும், தனியாகத் தூக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்: ஸ்பீக்கர் பக்கத்தில் இரும்பு நார் கூடாது. மரத்துக்கு மெருகேற்ற நம்மில் பலர் சன்ன இரும்பு நாரைத்தான் எடுப்போம். அது தேயும்போது உதிரும் தூள் காந்தத்தை நோக்கி ஓடும். வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் அசைகிற இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டால் ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கும். அதை வெளியே எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். பாத்திரம் துலக்கும் நைலான் பட்டையில் மிருதுவான வகை போதும்.

மூடி முடித்த பிறகு தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். அப்புறம் வெள்ளைப் பருத்தித் துணியில் மினரல் டர்பன்டைன் நனைத்து ரேகை போகும் திசையிலேயே துடையுங்கள். துணி பழுப்பாக வரும். அது மரத்தின் நிறமில்லை, பழைய மெழுகு, சமையல் புகை, சிகரெட் புகை எல்லாம் சேர்ந்தது. துணி சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். டர்பன்டைன் ஈரமாக இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் மரம் எந்த நிறத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் எண்ணெய் போட்ட பிறகு வரப்போகும் நிறம். பலர் இந்த இடத்திலேயே, "இதற்கு மேல் ஒன்றும் வேண்டாமே" என்று நிம்மதி அடைவார்கள்.

வெள்ளை வளையம் லேசான வியாதி. ஈரம் மெருகுக்குள் மட்டும் புகுந்திருக்கிறது, மரத்தைத் தொடவில்லை. நைலான் பட்டையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் துணியில் ஸ்பிரிட் மிகக் கொஞ்சமாகத் தொட்டு, நிறுத்தாமல் ஒரே வீச்சாக இழுத்துத் துடையுங்கள்.

கறுப்பு வளையம் அப்படியல்ல. தண்ணீர் மரம்வரை இறங்கியிருக்கிறது. தண்ணீரிலோ தொட்டியின் அடியிலோ இருந்த இரும்பு, மரத்திலிருக்கும் துவர்ப்புப் பொருளான டானினுடன் சேர்ந்து மையாகிவிட்டது. பழைய காலத்தில் எழுதும் மையையே இப்படித்தான் செய்தார்கள். இதைத் தேய்த்து எடுக்க முயன்றால் வினீர் தீரும், கறை தீராது. ஆக்ஸாலிக் அமிலம்தான் வழி. கெமிக்கல் கடையில் வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு டம்ளர் வெந்நீருக்கு இரண்டு டீஸ்பூன் போட்டுக் கரையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அது விஷம். குழந்தைகள் வீட்டில் இருந்தால் மிச்சத்தை வைத்திருக்கவே கூடாது.

கறை உள்ள பக்கத்தில் பழைய மெருகு இருந்தால் அமிலம் மரத்தைத் தொடாது. அதனால் முதலில் தின்னர் துணியால் மேல்பலகை மெருகை எடுத்துவிடுங்கள். பிறகு கரைசலைக் கறைமேல் மட்டும் தடவாமல் மேல்பலகை முழுவதும் சீராகத் தடவுங்கள். கறைமேல் மட்டும் தடவினால் கறுப்பு வளையம் போய் வெள்ளை வட்டம் வந்து நிற்கும். அரைமணி நேரம் கழித்து, பிழிந்த ஈரத் துணியால் மூன்று நான்கு தடவை துடைத்தெடுங்கள். தண்ணீரைக் கொட்டக் கூடாது. அடியில் அழுத்திய மரத்தூள் பலகை இருந்தால், நம்மூரில் நோவோபான் என்போமே, அது ஊறி உப்பிவிடும், பிறகு வற்றவே வற்றாது. கறை பாதிதான் போயிருந்தால் மறுநாள் இன்னொரு தடவை. நன்றாகக் காய்ந்த பிறகு 320 நம்பர் உப்புத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, ரேகை திசையில் கையால் லேசாக இழுங்கள். அமிலத்தைத் துடைத்தெடுக்காமல் இதைச் செய்தால் அந்தத் தூள் மூக்கில் ஏறும், ஜாக்கிரதை. இந்த வேலை முழுவதிலும் உப்புத்தாளுக்கு இடம் இங்கே மட்டும்தான்.

அடுத்து எண்ணெய். பெயின்ட் கடையில் 'பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கேளுங்கள், ஆளிவிதை எண்ணெய். முதல் தடவை பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து துணியால் தடவுங்கள். இருபது நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயை ஒட்ட ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும். ஒருநாள் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு தடவை. பெரும்பாலான வால்நட்டுக்கு இதுவே போதும். கடைசியில் தேன்மெழுகு போடலாம், போடாமலும் விடலாம்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று வேறு இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். கூடாது. தேங்காய் எண்ணெய் காற்றில் உலர்ந்து கெட்டியாகாது. அன்றைக்குப் பளிச்சென்று தெரியும், பிறகு சிக்குப் பிடித்து நாற்றமடிக்கும். நல்லெண்ணெயும் பாதிதான் உலரும். மரத்துக்குள் போய் இறுக வேண்டுமென்றால் ஆளிவிதை மாதிரி முழுக்க உலரும் எண்ணெய்தான் வேண்டும்.

அப்படி உலரும்போது அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து சூடாகும். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் குவித்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் போட்டு விறைக்கும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்குங்கள். கோவை வாசகருக்கு மட்டுமல்ல, இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

கேள்வி: நாற்பது வருஷத்துக்கு முந்தைய உள்நாட்டு ஸ்பீக்கர். தேக்கு நிறம். மூலைகளில் உரிந்து வருகிறது. தின்னர் போட்டுத் துடைத்தேன், அந்த இடம் மங்கி, ஒட்டிக்கொள்ளும் பதத்துக்கு வந்துவிட்டது. என்ன பாலிஷ் போடலாம்?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் பெட்டியில் மரத்தோல் இல்லை என்று நினைக்கிறேன். மரப் படம் அச்சடித்த வினைல் தாள் அது. தின்னர் பட்டு இளகியதே சாட்சி. இன்னும் சந்தேகம் இருந்தால் மேல்பக்கத்தையும் பக்கவாட்டையும் உற்றுப் பாருங்கள். ஒரே முடிச்சு, ஒரே வளைவு, சில அங்குலம் தள்ளி மறுபடி வருகிறதா? மரம் தன் ரேகையைத் திருப்பி எழுதாது. மூலையில் தாள் மடிந்து போகிறதா, அங்கே வெட்டு இல்லையா? அதுவும் வினைல்தான்.

இதற்கு எந்த பாலிஷும் கிடையாது. சோப்புத் தண்ணீரில் துணியைப் பிழிந்து துடையுங்கள். உரிந்த மூலைகளை ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி ரப்பர் பசையால் இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி ஒட்டுங்கள். அவ்வளவுதான், கௌரவமாக இருக்கும்.

மரமே வேண்டும் என்று ஆசையிருந்தால், ஹேர் டிரையர் சூட்டில் வினைலை மெதுவாக உரித்துவிட்டு அசல் தேக்கு வினீர் ஒட்டலாம். கடையில் பிளைவுட் ஒட்டிய 4 மி.மீ. தகட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். அதை வாங்காதீர்கள். பக்கத்துக்கு 4 மி.மீ. ஏறினால் பெட்டியின் விளிம்பும் முகப்புச் சட்டமும் ஒத்துவராது. காகிதம் ஒட்டிய அரை மி.மீ. தகட்டைக் கேட்டு வாங்குங்கள். நல்ல வேலைக்காரர் கிடைத்தால் செய்யத் தகுந்த வேலைதான். இந்தியாவில் செய்த பழைய ஸ்பீக்கர்களை யாரும் மதிப்பதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. நீங்கள் மதிப்பதில் மகிழ்ச்சி.

கேள்வி: தாத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் ரேடியோகிராம் (ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே பெட்டியில்) எங்கள் வீட்டு வளவில் இருக்கிறது. பாட்டுக் கேட்கிறது. ஆனால் மேல் பாலிஷ் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்துவிட்டது. சுரண்டித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. மெருகு வெடித்திருக்கிறது, மரம் நன்றாகத்தான் இருக்கும். பல நேரம் அந்தப் பழைய மெருகையே இளக்கித் திரும்பவும் படியவைக்க முடியும்.

முதலில் என்ன மெருகு என்று கண்டுபிடிக்க வேண்டும். பின்பக்கம் கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்து எடுங்கள். பஞ்சு ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்கு, நாம் பிரெஞ்ச் பாலிஷ் என்பது. ஸ்பிரிட்டுக்கு ஒன்றும் ஆகாமல் தின்னருக்கு இளகினால் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். உங்கள் தாத்தா காலத்து ஐரோப்பிய ரேடியோக்களில் அந்தக் கண்ணாடிப் பளபளப்புக்குப் பெரும்பாலும் இதுதான். இரண்டுக்கும் அசையாவிட்டால் அது வேறு ஜாதி, அதை இளக்க முடியாது. அப்போது மறுபடி எழுதுங்கள்.

அரக்கோ லாக்கரோ என்று தெரிந்தபின், பெட்டியை இளக்கப்போகும் பக்கம் மேலே வரும்படி படுக்கவைத்துக்கொள்ளுங்கள். வால்வும் டர்ன்டேபிளும் உள்ளே இருந்தால் ரேடியோ மெக்கானிக்கை வைத்துக் கழற்றி எடுத்த பிறகுதான் சாய்க்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கியிருந்தாலும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், நீங்களாகக் கைவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷில் அரக்குக்கு ஸ்பிரிட், லாக்கருக்குத் தின்னர் எடுத்து, ஒரே திசையில் ஒரே ஒரு தடவை நீவி விடுங்கள். வெடிப்புகளின் ஓரம் இளகி ஒன்றோடொன்று சேரும். அந்த நேரத்தில் "இன்னொரு தடவை" என்று கை பரபரக்கும். தொடவே கூடாது. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். வெடிப்பு மிச்சமிருந்தால் மறுநாள் மறுபடி.

அரக்கு என்று உறுதியானால் அதன்மேல் புது அரக்கு ஏற்றலாம். அரக்கின் அருமையே அதுதான், புதிது பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் சீவல், ஓர் இரவு ஊறட்டும், துணியில் வடிகட்டுங்கள். பஞ்சை வெள்ளைத் துணியில் கட்டிப் பொதியாக்கி, அதில் கொஞ்சமாக ஊற்றி, வட்டம் வட்டமாகவும் பிறகு நீளவாக்கிலும் இழுங்கள். பொதி ஓரிடத்தில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது, நின்றால் அடியில் உள்ளது பெயர்ந்துவிடும். பொதி ஒட்டத் தொடங்கினால் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய்.

அந்த அரக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் புரச மரத்திலும் குசும் மரத்திலும் ஒரு சின்னப் பூச்சி கொம்பைச் சுற்றிக் கட்டும் கூடு அது. உங்கள் தாத்தா கேட்ட 78 சுற்று இசைத்தட்டும் அதே அரக்கில்தான் செய்தது. கிராமபோன் கம்பெனி 1908-இல் கல்கத்தா சியால்தாவில் இசைத்தட்டு ஆலை வைத்ததற்குப் பக்கத்திலேயே அரக்கு கிடைத்ததும் வசதியாக இருந்திருக்கும். உங்களிடம் பழைய தட்டுகள் இருந்தால் ஸ்பிரிட் துணியை அவற்றின் கிட்டேகூடக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: போன கோடையில என்ர மகன் இங்க ஒரு பழைய சாமான் கடையில ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு வந்தவன். டென்மார்க்கில செய்தது, தேக்கு. பேஸ்மென்ட்டில வச்சிருந்தனாங்கள். பனிக்காலம் ஹீட்டர் போட்ட பிறகு மேல்பக்கத்தில ரெண்டு இடத்தில தேக்குத் தகடு எழும்பி நிக்குது. ஒரு விளிம்பும் கழண்டு போச்சு. இதை ஒட்டலாமோ, இல்லாட்டி முழுக்க உரிச்சுப் புதுசு போடவேணுமோ?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: உரிக்கவே வேண்டாம் சகோதரி. டென்மார்க்காரர்கள் தாய்லாந்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த தேக்கில் இப்படிப் பெட்டிகள் செய்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தரத்துத் தகடு இன்று சுலபத்தில் கிடைக்காது.

நடந்தது இதுதான்: உங்கள் ஊர்ப் பனிக்காலத்தில் வெளியே பனி, உள்ளே ஹீட்டரால் காற்று மிகவும் வறண்டுவிடும். மரம் தன் ஈரத்தை விட்டுக் குறுக்குவாட்டில் சுருங்கும். பழைய பசை ஏற்கெனவே தளர்ந்திருந்த இடத்தில் தகடு பிய்த்துக்கொண்டு எழும்பிவிட்டது. முதலில் விரல் நகத்தால் மேல்பலகை முழுக்கத் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெற்றுச் சத்தம் வருகிற இடமெல்லாம் பசை விட்ட இடம். கண்ணுக்குத் தெரிவது இரண்டானால், தட்டினால் நான்கு தெரியலாம். மாஸ்கிங் டேப் துண்டால் அடையாளம் வையுங்கள்.

எழும்பிய இடத்தின்மேல் பருத்தித் துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் சில நொடி வைத்து எடுங்கள். உடனே ஒரு மரக்கட்டையால் ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். பழைய வச்சிரமோ வெள்ளைப் பசையோ என்றால் இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலைகளில் அப்போது யூரியா பசையும் போட்டார்கள், அது சூட்டுக்கு இளகாது. இரண்டு தடவையில் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், மேல் மெருகு கொப்பளித்துவிடும்.

அப்போது புதுப் பிளேடு எடுத்து, குமிழின் நடுவில் ரேகை ஓடும் திசையிலேயே ஒரு கீறல். குறுக்கே கீறினால் என்றைக்கும் தெரியும், ரேகையோடு கீறினால் தேடினாலும் தெரியாது. மருந்து ஊசியால் வெள்ளை மரப்பசையைக் கீறலின் இரண்டு பக்கமும் உள்ளே செலுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி, வெளியே வருவதை ஈரத்துணியால் துடையுங்கள். மேலே பாலித்தீன் தாள், அதன்மேல் சமப்பலகை, அதன்மேல் கனமான புத்தகங்கள், மறுநாள்வரை. பாலித்தீனை மறந்தால் பலகை தேக்கோடு ஒட்டிக்கொள்ளும். விளிம்புக்கும் இதே பசைதான், உள்ளே இருக்கும் தூசியை ஊதிவிட்டு, கத்தி முனையால் தள்ளி, டேப்பால் இறுக்குங்கள்.

ஒட்டுவதைப் பனிக்காலத்திலும் செய்யலாம். டர்பன்டைன், எண்ணெய் வேலையைக் கோடைக்கு வைத்துக்கொண்டு கராஜின் கதவைத் திறந்துவைத்துச் செய்யச் சொல்லுங்கள். பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் எரிந்துகொண்டிருக்கும்போது அந்த ஆவி ஆபத்து. பெட்டிகளைச் சூடான காற்று வரும் துவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். தம்பிக்கு என் வாழ்த்து. கடை மூலையில் கிடந்ததில் நல்லதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

கேள்வி: ஈட்டி மர ஸ்பீக்கர். வார்னிஷ் அடித்து ஒரு வாரமாகியும் கையில் ஒட்டுகிறது. மட்டமான வார்னிஷா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வார்னிஷ்மேல் பழி போட வேண்டாம். ஈட்டிக்குள் இருக்கும் எண்ணெய்ச் சத்துப் பொருள்கள் வார்னிஷை இறுக விடாமல் தடுக்கும். தின்னரால் அதை முழுக்கத் துடைத்தெடுத்து, அசிட்டோன் துணியால் மரத்தை ஒருதடவை துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கு இரண்டு கை போடுங்கள். அரக்கு எதன்மேலும் பிடிக்கும், எண்ணெயை உள்ளேயே அடைத்துவிடும். அதன்மேல் வார்னிஷ் போடலாம். என்னைக் கேட்டால் அரக்கோடு நிறுத்திவிடுவேன்.

ஸ்பிரிட் பட்டால் ஈட்டியின் சிவப்பு ஊறி வரும், பக்கத்தில் வெளிர் நிற மரக்கீற்று பதித்திருந்தால் அதில் படாமல் பாருங்கள்.

இதை வெளிநாட்டில் விற்கும் எண்ணம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய ஐரோப்பியப் பெட்டிகளில் பிரேசில் ஈட்டி இருப்பதுண்டு. அது 1992 முதல் சர்வதேச வணிகத்தில் மிகக் கடுமையான தடைப் பட்டியலில் உள்ள மரம். என்ன மரம் என்று தெரியாமல் பார்சல் கட்டாதீர்கள்.

கேள்வி: பாலிஷ் மாற்றினால் ஸ்பீக்கரின் ஓசை மாறுமா? நண்பர்கள் மாறும் என்று அடித்துச் சொல்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: மெல்லிய மெருகால் மாறாது. ஆனால் மெருகு போடும்போது செய்கிற மற்ற காரியங்களால் மாறும், அதனால்தான் நண்பர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

மூடிய பெட்டி ஸ்பீக்கர்களில் உள்ளே அடைபட்ட காற்றுதான் வூஃபருக்கு, அதாவது கீழ்ச்சுருதிக்கான பெரிய ஸ்பீக்கருக்கு, வில்லாக நிற்கிறது. வூஃபரைக் கழற்றி மாட்டும்போது அதன் ஓரத்துப் பசைக்களிம்போ கேஸ்கெட்டோ சரியாக உட்காராவிட்டால் காற்று கசியும், கீழ்ச்சுருதி தளரும். உள்ளே அடைத்த பஞ்சை எடுத்துத் திரும்பக் குறைவாக வைத்தாலும் மாறும். அது கண்ணாடி நார் என்றால் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கம்பிகளை மாற்றிக் கொடுத்து ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் நடுவில் பாட்டே நிற்காது. கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் மரம் ஓசையில் பங்கெடுப்பது உண்மைதான். பிபிசி 1970களில் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கருக்கு 12 மி.மீ. பிர்ச் பிளைவுட். உள்மூலைச் சட்டங்களுக்குப் பீச் மரம்தான் வேண்டும், வேறு மரம் போட்டால் ஓசையில் தெரிகிறது என்று அவர்களே கண்டறிந்து எழுதினார்கள். ஆகவே பெட்டியின் உள்ளே எதையும் "பலப்படுத்துகிறேன்" என்று சட்டம் அடிக்காதீர்கள். வெளியே என்ன மெருகு போட்டாலும் அது உங்கள் கண்ணுக்குத்தான். கண்ணுக்கு நிறைவாக இருப்பதும் பாட்டுக் கேட்பதில் ஒரு பங்குதான் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் லாக்கர் ஸ்ப்ரே அடிக்கலாம் என்றிருக்கிறேன். ஸ்பிரிட்டும் கேட்ட கடையில் தரமாட்டேன் என்கிறார்கள். என்ன வழி?
– வாசகர், சென்னை

பதில்: டிசம்பரை விடுங்கள். லாக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, மழைக்காலக் காற்றின் ஈரம் அதில் இறங்கி வெண்படலமாக நின்றுவிடும். அரக்குக்கும் இதே கதிதான். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கடைக்காரர் தர மறுப்பதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் மெத்திலேட்டட் ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் (மெத்தனால்), பிரெஞ்ச் பாலிஷ் மூன்றுக்கும் 1959-ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருக்கின்றன. குடிப்பதற்குத் திருப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் வந்தவை, அந்தப் பயம் உண்மையானது. கள்ளத்தனமாக வாங்கப் போகாதீர்கள். அப்படிக் கிடைப்பதில் எவ்வளவு மெத்தனால் என்று யாருக்கும் தெரியாது. அது மூச்சிலும் தோலிலும் ஏறும் விஷம், பார்வையைப் பறிக்கும். ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று போட்டது, வாங்குங்கள். மெழுகு நீக்கிய அரக்குச் சீவல் அதில் கரையும். கொஞ்சம் தாமதமாகும், இடையிடையே குலுக்கிக்கொண்டிருக்க வேண்டும். 70 சதவீதம் உள்ளதில் தண்ணீர் அதிகம், அது உதவாது.

கரைத்த பாட்டிலில் தேதியை எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் தாண்டிய கரைசலை ஒரு கண்ணாடித் துண்டில் சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் அதைப் பெட்டியில் போடாமல் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.